மரபுச் செல்வத்தின் வாரிசு யார்? – சமயமும் பண்பாட்டு மரபும் குறித்த ஒரு முதுகலைக் கல்வியின் அனுபவம்

முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் எதைக் காப்பது, எதைப் புதுப்பிப்பது, எதைக் கைவிடுவது என்னும் வினா ஒவ்வொரு சமுதாயத்தின் முன்னும் நிற்கிறது. பெரும்பாலும் அவ்வினாவிற்குச் சிந்தித்து விடை காண்பதில்லை. பள்ளிவாசலின் கூரை ஒழுகுகிறது, நிதி திரட்டப்படுகிறது, பழைய கல்தூண்கள் அகற்றப்பட்டுப் புதிய கட்டடம் எழுகிறது. செயல் முடிந்த பின்னரே இழப்பு தெரிகிறது. இவ்வாறான முடிவுகளுக்குப் பின்னுள்ள நம்பிக்கைகளையும் சட்டங்களையும் அதிகார உறவுகளையும் முறையாக ஆராயும் கல்வித்துறை ஒன்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. சமயமும் பண்பாட்டு மரபும் என்னும் பொருளில் நெதர்லாந்தில் ஓராண்டு முதுகலை பயின்ற அனுபவத்தைக் கொண்டு, அக்கல்வி எதைக் கற்பிக்கிறது, ஒரு முஸ்லிம் மாணவருக்கு அதனால் விளையும் பயன் யாது, அதன் குறைபாடு யாது என்பவற்றை விளக்குவதே நமது நோக்கம்.

படிப்பும் அது தோன்றிய சூழலும்

நெதர்லாந்தின் வடபகுதியில் உள்ள கிரோனிங்கன் பல்கலைக்கழகம் 1614-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அங்கு இருந்துவந்த கிறித்தவ இறையியல் துறை, காலப்போக்கில் எல்லாச் சமயங்களையும் ஆராயும் துறையாக விரிவடைந்தது. சமயத்தையும் பண்பாட்டு மரபையும் இணைத்துப் பயிற்றுவிக்கும் முதுகலைப் படிப்பு அத்துறையின் ஒரு கிளையே ஆகும். நெதர்லாந்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பு 60 ஐரோப்பிய மதிப்பலகுகளைக் கொண்டது. ஒரு மதிப்பலகிற்கு 28 மணி நேர உழைப்பு என்பது அந்நாட்டுக் கணக்கு. ஆக, ஓராண்டில் 1,680 மணி நேரம். இதில் வகுப்பறையில் கழிவது சிறுபகுதியே. வாசிப்பு, விவாதக் கட்டுரை, களப்பயிற்சி, ஆய்வேடு ஆகியவையே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

இத்தகைய கல்வி நெதர்லாந்தில் வேரூன்றியதற்குத் தெளிவான காரணம் உண்டு. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கின்படி, 2017-ஆம் ஆண்டில் 15 வயதும் அதற்கு மேலும் உடையோருள் ஏதேனும் ஒரு சமயக் குழுவைச் சார்ந்தவர்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் 49 விழுக்காட்டினரே. அதற்கு முன் அவ்வெண்ணிக்கை பாதிக்குக் கீழே இறங்கியதில்லை. தொழுவோர் குறையக் குறைய, ஊர்தோறும் நிற்கும் தேவாலயங்களை என்ன செய்வது என்பது நாட்டின் பொதுக் கவலையாயிற்று. 2008-ஆம் ஆண்டு அங்கே சமய மரபுச் செல்வ ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. கிரோனிங்கன் மாநிலத்தில் 1969-இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை ஒன்று, பராமரிக்க ஆளில்லாத ஊர்ப்புறத் தேவாலயங்களைத் தன் உடைமையாக ஏற்று வருகிறது. இன்று ஏறத்தாழ நூறு கட்டடங்கள் அதன் பொறுப்பில் உள்ளன. மாணவர்களுக்கு இக்கட்டடங்களே ஆய்வுக்கூடம். வகுப்பில் படிக்கும் கொள்கையை மறுநாளே ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் ஈரம் படிந்த சுவரில் சோதித்துப் பார்க்க முடிகிறது.

சொல்லிலேயே தொடங்கும் சிக்கல்

மரபுச் செல்வத்தை டச்சு மொழியில் 'எர்ஃகுட்' என்பர். வாரிசாக வரும் பொருள் என்பது அதன் நேர்ப்பொருள். இக்காலத்து அரபு மொழியில் இதற்கு வழங்கும் சொல் 'துராஸ்'. அதுவும் வாரிசுரிமையைக் குறிக்கும் வேரிலிருந்தே பிறந்தது. திருக்குர்ஆனில் அச்சொல் ஒரே ஓர் இடத்தில், அல்ஃபஜ்ர் அத்தியாயத்தின் 19-ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே அது பெருமைக்குரிய பண்பாட்டைக் குறிக்கவில்லை. பிறருடைய பங்கையும் சேர்த்து வாரிசுச் சொத்தை விழுங்குவோரைக் கண்டிக்கும் இடத்தில் அச்சொல் ஆளப்படுகிறது. பண்பாட்டுப் பெருமை என்னும் பொருள் அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் ஏறியதே. மரபு என்று பேசத் தொடங்கியவுடன் 'வாரிசு யார், எவருடைய பங்கு மறுக்கப்படுகிறது' என்னும் கேள்வியும் உடன் எழுகிறது என்பதை இச்சொல் வரலாறு நமக்கு நினைவூட்டுகிறது.

படிப்பின் முதற்பகுதி இக்கேள்வியைச் சுற்றியே அமைகிறது. வியன்னாவைச் சேர்ந்த கலை வரலாற்றறிஞர் ஆலோய் ரீகல் 1903-இல் எழுதிய ஆய்வு இன்றளவும் முதற்பாடமாக இருக்கிறது. ஒரு பழைய கட்டடத்தில் பலவகை மதிப்புகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது அவர் கருத்து. காலத்தின் சிதைவை அப்படியே காட்ட வேண்டும் என்கிறது பழமை மதிப்பு. முதல் வடிவத்தைச் சிதையாமல் நிறுத்த வேண்டும் என்கிறது வரலாற்று மதிப்பு. இன்று அதில் மக்கள் பாதுகாப்பாகப் புழங்க வேண்டும் என்கிறது பயன்பாட்டு மதிப்பு. ஒழுகும் கூரையின் கீழ் நிற்கும் ஒரு ஜமாஅத்தின் நிர்வாகக் குழுவில் நடைபெறும் வாக்குவாதத்தை இம்மூன்று சொற்களில் அடக்கிவிடலாம்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 2006-இல் லாராஜேன் ஸ்மித் வேறொரு கோணத்தை முன்வைத்தார். மரபு என்பது கல்லிலும் சுண்ணாம்பிலும் இயல்பாக உறைந்திருப்பதன்று. வல்லுநரும் அரசும் சேர்ந்து சிலவற்றை மரபென அறிவித்து, பிறவற்றை மறதிக்கு விடுகின்றனர் என்பது அவர் வாதம். பிர்கிட் மேயர், மார்லீன் டி விட் ஆகிய மானிடவியலாளர்கள் 2013-இல் இதனைச் சமயத்துறைக்குக் கொண்டுவந்தனர். வழிபாட்டிற்குரியது காட்சிக்குரிய மரபாக மாற்றப்படுவதும், உலகியல் சார்ந்த மரபுப் பொருள் புனிதத்தன்மை பெறுவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன என அவர்கள் எடுத்துக்காட்டினர். அருங்காட்சியகத்தின் மௌனத்தையும் மங்கிய ஒளியையும் தொடக்கூடாது என்ற விதியையும் எண்ணிப் பார்த்தால் இரண்டாம் கூற்றின் உண்மை விளங்கும்.

கட்டடமும் இறையியலும்

ஐரோப்பிய நகரங்களில் தேவாலயம் புத்தகக் கடையானதையும் குடியிருப்பானதையும் காணும் முஸ்லிம் மாணவருக்கு முதலில் தோன்றுவது வியப்பும் வருத்தமுமே. மாஸ்ட்ரிக்ட் நகரில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டொமினிக்கன் தேவாலயம் இன்று புத்தகக் கடையாக விளங்குகிறது. ஆனால் இவ்வேறுபாட்டின் வேர் இறையியலில் உள்ளது என்பதைப் படிப்பு உணர்த்துகிறது. சீர்திருத்தத் திருச்சபையினருக்குக் கட்டடம் தன்னளவில் புனிதமானதன்று, கூடுவோரே திருச்சபை. எனவே விற்பது எளிது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222-ஆம் விதி, வழிபாட்டிற்கு இனிப் பயன்படுத்த இயலாத தேவாலயத்தை இழிவற்ற உலகியல் பயனுக்கு ஒதுக்க ஆயருக்கு இடமளிக்கிறது.

நமது ஃபிக்ஹு நூல்களோ இப்பொருளை வேறு தளத்தில் ஆராய்ந்துள்ளன. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டு, அதை விற்கவும் அன்பளிப்பாக வழங்கவும் வாரிசுரிமையாக அடையவும் கூடாது என்னும் நிபந்தனையுடன் அறத்திற்கு ஒதுக்கியது வக்ஃபின் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. பள்ளிவாசல் இடிந்து, சுற்றிலும் குடியிருப்போர் அகன்றுவிட்டாலும் அவ்விடம் பள்ளிவாசலாகவே நீடிக்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஹனஃபி அறிஞர்களுள் இமாம் அபூ யூசுஃப் அவ்வாறே கருத, இமாம் முஹம்மது அது வக்ஃபு செய்தவரிடமோ அவர் வாரிசுகளிடமோ மீளும் என்றார். ஹன்பலி மத்ஹபினர் பயனற்றுப்போன பள்ளிவாசலை விற்று அத்தொகையை வேறொரு பள்ளிவாசலுக்குச் செலவிட இடமளித்தனர்.

இதிலிருந்து ஓர் அடிப்படை வேறுபாடு புலனாகிறது. ஐரோப்பிய மரபுச் சட்டம் வாரிசுச் சொத்து என்னும் உருவகத்தில் பிறந்தது. அது முதலில் காக்க நினைப்பது கட்டடப் பொருளை. வக்ஃபோ வாரிசுரிமையை விலக்குவதிலேயே பிறந்தது. அது காக்க நினைப்பது பயனை. அங்கே வாரிசு இல்லை, முத்தவல்லி என்னும் பொறுப்பாளரே உண்டு. சொத்து அன்று, அமானிதம். மரபு பற்றிய உலகளாவிய விவாதத்திற்கு இஸ்லாமியச் சிந்தனை அளிக்கக்கூடிய சிறந்த பங்களிப்பு இதுவே என்பது ஓராண்டுக் கல்வியின் முடிவில் நாம் அடைந்த தெளிவு.

நடைமுறை, கோட்பாட்டைவிடச் சிக்கலானது. ஆம்ஸ்டர்டாமின் ரோசன்கிராக்ட் தெருவில் உள்ள ஃபாத்திஹ் பள்ளிவாசல், 1920-களில் கத்தோலிக்கத் தேவாலயமாகக் கட்டப்பட்டது. 1971-இல் மூடப்பட்டு, சில காலம் கம்பள விற்பனைக் கூடமாக இருந்து, 1981 முதல் பள்ளிவாசலாகத் திகழ்கிறது. கிரோனிங்கனின் ஃபோல்கிங்கே தெருவில் 1906-இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் அந்தலூசியப் பாணி வளைவுகளைக் கொண்டது. இரண்டாம் உலகப் போரில் அந்நகரின் யூதர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். அக்கட்டடம் பின்னர் சலவை நிலையமாகவும் பயன்பட்டு, 1981-இல் சீரமைக்கப்பட்டது. முஸ்லிம் ஸ்பெயினின் கட்டடக்கலையை நினைவூட்டும் வளைவுகளின் கீழ், அழிக்கப்பட்ட வேறொரு சமுதாயத்தின் நினைவு நிற்கிறது. 'இது எவருடைய மரபு?' என்னும் வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூற முயல்வோர் அங்கே சற்று நிற்க வேண்டும்.

களப்பயிற்சி: நான்கு வரிக் குறிப்பு

படிப்பின் பயன் மிகுந்த பகுதி களப்பயிற்சியாகும். ஓர் அருங்காட்சியகத்தில், இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த குர்ஆன் கையெழுத்துப் படி ஒன்றிற்குக் காட்சிக் குறிப்பு எழுதும் பணி நமக்கு வாய்த்தது. இருந்த பழைய குறிப்பில் தாளின் அளவு, மையின் நிறம், ஓர அலங்காரம் ஆகியன துல்லியமாக இருந்தன. அது எவ்வாறு நெதர்லாந்துக்கு வந்தது என்பது மட்டும் இல்லை. 1873-இல் தொடங்கிய அச்சேப் போரில் டச்சுப் படையினர் கைப்பற்றிய கையெழுத்துப் படிகள் பல அந்நாட்டுச் சேகரிப்புகளில் இடம்பெற்றுள்ளன என்பது அறிந்த செய்தி. ஆகவே வந்த வழியைக் குறிப்பிடாத மௌனமும் ஒருவகைக் கூற்றே ஆகிறது.

நான்கு வரிகளுக்குள் எதைச் சொல்வது? அழகிய கலைப்பொருள் என்றா, ஓதப்பட்ட வேதம் என்றா, போரில் இடம் பெயர்ந்த உடைமை என்றா? பலமுறை திருத்தப்பட்டபின் மூன்றும் இடம்பெற்றன. அதைவிட நீண்ட விவாதம், முழங்கால் உயரத்தில் இருந்த கண்ணாடிப் பேழையைக் குறித்து எழுந்தது. குர்ஆனை இடுப்பிற்கு மேல் வைப்பது முஸ்லிம்களின் மரியாதை வழக்கம் என்பதை விளக்கியபோது, குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருவோர்க்கும் தெரிய வேண்டுமே என்னும் நியாயமான மறுமொழி வந்தது. இறுதியில் சாய்தளம் அமைத்துப் பேழை உயர்த்தப்பட்டது. மரபு பேணல் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு உடன்பாடுகளால் ஆனது.

இவ்விவாதங்கள் அரசின் கொள்கை அளவிலும் நிகழ்கின்றன. ஜாவாப் போரை (1825–1830) வழிநடத்திய இளவரசர் திபோநெகோரோவின் கிரிஸ் என்னும் குறுவாள் 2020-இல் இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2023-இல் 478 பொருள்களைத் திருப்பித் தர நெதர்லாந்து முடிவு செய்தது. அவற்றுள் 472 இந்தோனேசியாவுக்கும், கண்டிப் பீரங்கி உள்ளிட்ட 6 இலங்கைக்கும் உரியவை.

களிமண் கற்பிக்கும் பாடம்

வகுப்பறையில் மிகுதியாக விவாதிக்கப்படும் எடுத்துக்காட்டுகளுள் இரண்டு மாலி நாட்டைச் சேர்ந்தவை. ஜென்னே நகரின் பெரிய பள்ளிவாசல் களிமண்ணால் ஆனது. இப்போதுள்ள கட்டடம் 1907-இல் நிறைவுற்றது. ஊரார் கூடி ஆண்டுதோறும் அதன் சுவர்களுக்குப் புதிதாகச் சாந்து பூசுகின்றனர். பூசாவிட்டால் மழையில் கரைந்துவிடும். அந்நகரம் 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மேற்பரப்பு ஆண்டுதோறும் மாறும் கட்டடத்தில் 'மூலத்தன்மை' எங்கே உள்ளது? சுவரிலா, பூசும் கைகளிலா? மூலத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என 1994-ஆம் ஆண்டின் நாரா ஆவணம் கூறியதும், வாய்மொழி மரபுகளையும் கைவினைத் திறன்களையும் காக்க யுனெஸ்கோ 2003-இல் தனி உடன்படிக்கை கண்டதும் இத்தகைய கேள்விகளின் விளைவே. வக்ஃபின் நோக்கில் பார்த்தால் விடை எளிது: பயன் தொடர்கிறது, எனவே பள்ளிவாசல் தொடர்கிறது.

மற்றொன்று திம்புக்து. 2012-இல் அந்நகரைக் கைப்பற்றிய ஆயுதக் குழுவினர், கப்றுகளின் மேல் எழுப்பிய கட்டடங்கள் மார்க்கத்திற்கு முரணானவை எனக் கூறி இறைநேசர்களின் அடக்கத்தலங்களை இடித்தனர். அதில் பங்குகொண்ட அஹ்மது அல்மஹ்தி என்பவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016-இல் அவருக்கு 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்ததை மட்டுமே போர்க்குற்றமாகக் கொண்டு அந்நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு அதுவாகும். உள்ளூர்க் கொத்தனார்கள் 2015-க்குள் அடக்கத்தலங்களை மீண்டும் எழுப்பினர். கப்றுகளின் மேல் கட்டடம் எழுப்புவது குறித்து முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஓர் ஊரார் தலைமுறைகளாகப் பேணியதை ஆயுதத்தின் வலிமையால் இடிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதில் ஐயமில்லை. வகுப்பில் இவ்வழக்கு வரும்போது எல்லோர் பார்வையும் முஸ்லிம் மாணவரை நோக்கித் திரும்புகிறது. அவரிடம் விளக்கம் எதிர்பார்க்கப்படுகிறது. இடித்தவரும் முஸ்லிம், கட்டியவரும் முஸ்லிம், கண்ணீர் விட்டவரும் முஸ்லிம் என்று எடுத்துரைப்பதே அங்கே சரியான தொடக்கமாக இருந்தது.

கல்வியின் எல்லை

இக்கல்விக்கு ஒரு வரம்பு உண்டு. எல்லா மதிப்பையும் மனிதர் ஏற்றிச் சொல்வதாகவே அது காண்கிறது. ஓர் இடம் புனிதமானது என்பதை 'மக்கள் புனிதமெனக் கருதுகின்றனர்' என்று மட்டுமே அது எழுத முடியும். ஆய்வு ஒழுங்கிற்கு இது தேவை. இல்லையெனில் பல சமயத்தாரும் ஓரிடத்தில் அமர்ந்து உரையாட இயலாது. ஆனால் சஜ்தா செய்யும் மனிதன் தன் கருத்தைத் தொழுவதில்லை. ஆய்வாளரின் மொழியையும் நம்பிக்கையாளரின் மொழியையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இரண்டையும் பேசக் கற்பதே இப்படிப்பில் முஸ்லிம் மாணவர் மேற்கொள்ள வேண்டிய கடினமான பயிற்சி.

நம் கரையை நோக்கி

ஆய்வேட்டிற்குப் பொருள் தேடும்போது தமிழ் முஸ்லிம்களின் தடம் எதிர்பாராத இடங்களில் தென்படுகிறது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அவர்கள் நபிகளாரிடம் வினவியதாக அமைந்த 'ஆயிரம் கேள்விகள்' நூலைப் பற்றி 1924-இல் லைடன் நகரில் பைபர் என்பவர் ஆய்வு செய்தார். அதன் தமிழ் வடிவமே 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'. தமிழ், மலாய், ஜாவா மொழி வடிவங்களை ஒப்பிட்டு ரோனித் ரிச்சி 2011-இல் நூலொன்று வெளியிட்டார். கடல் கடந்த அறிவுறவின் மரபு அது.

மரபாதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல சான்று. தெலுக் ஆயர் தெருவில் 1828–1830-இல் எழுந்த நாகூர் தர்கா நினைவிடமும், சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும் 1974-இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது. நினைவிடமோ சீரமைக்கப்பட்டு 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. ஒரே சமுதாயம், ஒரே காலம். ஒன்று பயனால் வாழ்கிறது, மற்றொன்று நினைவால் வாழ்கிறது.

தாயகத்தில் நிலைமை வேறு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் பழைய பள்ளிவாசல்கள் உருவங்கள் தவிர்த்த கல்தூண் மண்டபங்களாக, உள்ளூர்ச் சிற்பியரின் கைத்திறனால் எழுந்தவை. மெஹர்தாத் ஷொகூஹி 2003-இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய நூல் அவற்றின் அளவுப்படங்களைப் பதிவு செய்துள்ளது. நம் முன்னோரின் பள்ளிவாசல்களை அளந்து எழுத அயல்நாட்டு அறிஞர் வரவேண்டியிருந்தது. குவிமாடமும் உயர்ந்த மினாராவும் இருந்தால்தான் பள்ளிவாசல் என்னும் எண்ணம் பரவிய பின், கல்தூண் மண்டபத்தை நமதல்ல என்று எண்ணுவோரும் உளர்.

சட்டச் சூழலையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். வழிபாட்டுத் தலங்களின் தன்மையை 1947 ஆகஸ்ட் 15-இல் இருந்தவாறே காக்கும் 1991-ஆம் ஆண்டுச் சட்டம், 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்தின் கீழ் வரும் சின்னங்களுக்குப் பொருந்தாது. 2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டமோ, பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தபோது ஒரு சொத்தை வக்ஃபு என அறிவித்திருந்தால் அவ்வறிவிப்பு செல்லாது என்கிறது. அச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. மரபுச் சின்னம் என்னும் தகுதி பாதுகாப்பாகவும் அமையலாம், உரிமையிழப்பாகவும் முடியலாம். எனவே அச்சொல்லைப் பிறர் நமக்காகப் பொருள் கொள்ளும்வரை காத்திருத்தல் தகாது.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. பழைய பள்ளிவாசலில் கைவைக்கும் முன் அதன் தரைப்படத்தையும் தூண்களின் அளவுகளையும் வரைந்து வைத்தல், கல்வெட்டுகளையும் மீஸான் கற்களையும் படமெடுத்துப் படியெடுத்தல், வக்ஃபுப் பத்திரங்களையும் அரபுத் தமிழ் ஏடுகளையும் பட்டியலிடுதல், முதியோர் நினைவிலுள்ள செய்திகளை ஒலிப்பதிவு செய்தல் ஆகிய நான்கையும் ஒவ்வொரு மஹல்லாவும் தன் இளைஞரைக் கொண்டே செய்யலாம். இடிப்பதா காப்பதா என்னும் முடிவை ஜமாஅத் எடுக்கட்டும். ஆனால் அறியாமையால் எடுக்க வேண்டாம். நம் பிள்ளைகளுள் சிலரேனும் மருத்துவமும் பொறியியலும் பயில்வது போலவே இத்துறையையும் பயில வேண்டும். வாரிசு என்று உரிமை கொண்டாடுவதைவிட, முத்தவல்லி என்னும் பொறுப்பை ஏற்பதே நம் மார்க்கம் நமக்குக் காட்டும் வழி. பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்கப்படும் என்பதையும் அம்மார்க்கமே நமக்குக் கற்பித்துள்ளது.